வெப்பம் மறைப்பதைக் குளிர் காட்டும்

சிவகாசியில் வண்ண மத்தாப்புக்கு மருந்து கலப்பவர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம். ஸ்ட்ரான்சியம் உப்பு சேர்த்தால் சிவப்பு, பேரியம் உப்பு சேர்த்தால் பச்சை, சோடியம் என்றால் மஞ்சள், செம்பு என்றால் நீலம். எரியும் சூட்டில் ஒவ்வொன்றும் தனக்கே உரிய நிறத்தை உமிழ்கிறது. ஒளியைப் பிரித்துப் பார்த்து, அதை உமிழ்ந்த பொருள் எது என்று சொல்லும் துறைக்கு நிறமாலையியல் என்று பெயர். அந்தத் துறையின் முதல் பாடத்தை விருதுநகர் மாவட்டம் பல தலைமுறைகளாகத் தொழிலாகவே செய்துவருகிறது.

ஆனால் நெருப்பு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. பட்டாசு மருந்தின் அடிப்படைச் சரக்கான வெடியுப்பை எடுத்துக்கொள்வோம். பொட்டாசியம் நைட்ரேட் என்பது அதன் வேதியியல் பெயர். அது எரிந்து முடிந்தபின் அந்தப் படிகம் மிஞ்சுவதில்லை. படிகமாக இருந்தபோது அதன் அயனிகள் ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தன, எந்தத் தாளத்தில் அசைந்தன என்பதெல்லாம் தீயோடு போய்விடுகிறது. அதை அறிய வேண்டுமானால் தீக்கு நேர் எதிர்த்திசையில், கடுங்குளிரை நோக்கிப் போக வேண்டும். பார்க்கும் ஒளியும் கண்ணுக்குத் தெரியாத வேறு ஒளியாக இருக்க வேண்டும். டெராஹெர்ட்ஸ் கதிர்கள்தான் அந்த ஒளி.

இடைவெளியில் இருக்கும் ஒளி

1 டெராஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு ஒரு லட்சம் கோடி அதிர்வுகள். அதன் அலைநீளம் 0.3 மில்லிமீட்டர். பேரியம் தரும் பச்சை ஒளியின் அதிர்வெண் ஏறக்குறைய 575 டெராஹெர்ட்ஸ். கைப்பேசி அலைகளோ ஆயிரத்தில் சில பங்கு டெராஹெர்ட்ஸ்தான். இந்த இரண்டுக்கும் நடுவே, சுமார் 0.1 முதல் 10 டெராஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி நெடுங்காலம் ஆள் நடமாட்டம் குறைந்த பகுதியாகவே இருந்தது. மின்னணுச் சுற்றுகளால் அவ்வளவு வேகமாக அதிர முடியவில்லை. விளக்குகளும் லேசர்களும் அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணில் போதிய ஒளி தரவில்லை. 1895-இல் கொல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 5 மில்லிமீட்டர் அலைநீளம் வரை அலைகளை உண்டாக்கிக் காட்டினார். அது 0.06 டெராஹெர்ட்ஸ். வாசல்வரை அவர் வந்துவிட்டார். உள்ளே நுழைவதற்கு உலகம் பல பத்தாண்டுகள் காத்திருந்தது.

அந்தப் பகுதிக்குள் நுழைய ஆய்வாளர்கள் ஏன் இவ்வளவு பாடுபட்டார்கள்? படிகங்களின் கூட்டு அசைவுகள் அங்கேதான் இருக்கின்றன. வெடியுப்பின் நைட்ரேட் அயனிக்குள் நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒன்றையொன்று இழுத்து அதிர்வது 31 டெராஹெர்ட்ஸ் அளவில். அது அந்த அயனியின் சொந்த விவகாரம். ஆனால் முழு நைட்ரேட் அயனியும் முழு பொட்டாசியம் அயனியும் ஒன்றுக்கொன்று எதிராக ஊசலாடுவது சில டெராஹெர்ட்ஸில். படிகத்தின் அடுக்கு மாறினால் இந்த ஊசலாட்டமும் மாறும். ஒரே வேதிப்பொருள் இரண்டு விதமாக அடுக்கப்பட்டிருந்தால் டெராஹெர்ட்ஸ் நிறமாலை அவற்றைப் பிரித்துச் சொல்லும்.

இன்னொரு வசதியும் உண்டு. காகிதம், அட்டை, துணி, பாலித்தீன் ஆகியவற்றை டெராஹெர்ட்ஸ் கதிர் எளிதில் கடந்துவிடும். உலோகம் அதைத் திருப்பிவிடும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருக்கும் வெடிபொருளை அடையாளம் காண இந்தக் கதிரை ஆய்வாளர்கள் தேடிப்போனதற்கு இதுவே காரணம். ஆர்.டி.எக்ஸ் என்ற ராணுவ வெடிபொருளுக்கு 0.8 டெராஹெர்ட்ஸ் அருகே தனி அடையாளக் கோடு இருக்கிறது. இந்தியாவில் ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் உயர் ஆற்றல் பொருள் ஆய்வு மையம் வெடிபொருள்களை டெராஹெர்ட்ஸ் கொண்டு ஆராய்ந்திருக்கிறது.

48 கெல்வின் என்ற எல்லை

அறை வெப்பநிலையிலேயே அளக்கலாமே, குளிர் எதற்கு? விடை ஒரே எண்ணில் இருக்கிறது. 1 டெராஹெர்ட்ஸ் ஒளித்துகளின் ஆற்றலை வெப்பநிலையாக மாற்றிச் சொன்னால் 48 கெல்வின், அதாவது உறைநிலைக்குக் கீழே 225 டிகிரி செல்சியஸ். நம் அறையோ 300 கெல்வினில் இருக்கிறது. படிகத்தில் ஒவ்வொரு அசைவையும் வெப்பமே ஏற்கெனவே கிளறிவிட்டிருக்கிறது. 1 டெராஹெர்ட்ஸில் ஊசலாடும் ஓர் அசைவு அறை வெப்பநிலையில் சராசரியாக 6 குவாண்டம், அதாவது அத்தகைய 6 ஒளித்துகள்களுக்கு இணையான ஆற்றலைச் சுமந்து நிற்கும். நாம் ஒரு குவாண்டத்தைக் கொடுத்து அது ஏற்கிறதா என்று பார்க்க முயல்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தின் நடுவே நின்று வீணை கேட்பது போன்றது இது. வீணை ஒலிக்கத்தான் செய்கிறது, காதில்தான் விழாது.

அதே படிகத்தைத் திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினுக்கு இறக்கினால் நிலைமை தலைகீழ். அந்த அசைவில் வெப்பத்தால் ஒரு குவாண்டம் இருப்பதற்கான வாய்ப்பு லட்சத்தில் ஒன்று. அசைவுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வது குறைகிறது. அகன்று மங்கிக் கிடந்த கோடுகள் கூர்மையாகின்றன. ஒரே மேடாகத் தெரிந்தது இரண்டு மூன்று கோடுகளாகப் பிரிகிறது. ஆர்.டி.எக்ஸ் போன்ற வெடிபொருள்களைக் குளிர்வித்து அளந்தபோது இப்படித்தான் புதுக் கோடுகள் வெளிப்பட்டன.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சில பண்புகள் குளிரில்தான் பிறக்கின்றன. ஈயம் 7.2 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தியாக மாறி, மின்தடை இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிறது. பல படிகங்களின் காந்த ஒழுங்கும் சில கெல்வினில்தான் தோன்றுகிறது. இவற்றின் ஆற்றல் அளவுகள் பெரும்பாலும் டெராஹெர்ட்ஸ் பகுதியில் விழுகின்றன. குளிர் இல்லாவிட்டால் பார்க்கப் பொருளே இருக்காது.

வத்திராயிருப்பில் பிறந்தவர்

இந்தியாவில் அந்தக் குளிரை முதலில் உண்டாக்கியதன் கதை விருதுநகர் மாவட்டத்தைத் தொடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4 அன்று பிறந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னைக் கிறித்துவக் கல்லூரி என்று படித்து, கொல்கத்தாவில் சி. வி. ராமனிடம் சேர்ந்தார். 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது சோதனைகளில் அவரோடு உடன் நின்றவர் கிருஷ்ணன். அந்த ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியான புகழ்பெற்ற குறிப்பில் இருவர் பெயரும் இருக்கிறது.

அதன்பின் டாக்காவிலும் கொல்கத்தாவிலும் அவர் படிகங்களின் காந்தப் பண்புகளில் இறங்கினார். ஒரு படிகத்தை எந்தத் திசையில் காந்தப்புலத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் காந்த இயல்பு எப்படி மாறுகிறது என்பதை மெல்லிய இழையில் படிகத்தைத் தொங்கவிட்டு அளக்கும் முறைகளை வகுத்தார். அவர் ஆராய்ந்த பாராகாந்த உப்புப் படிகங்கள், 1 கெல்வினுக்கும் கீழே குளிர்விக்க 1930-களில் உலகம் பயன்படுத்தத் தொடங்கிய பொருள்களின் இனம்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் உருவானபோது கிருஷ்ணன் அதன் முதல் இயக்குநரானார். அவர் தலைமையில், 1952-இல், அங்கே ஹீலியம் திரவமாக்கப்பட்டது. இந்திய மண்ணில் அதுவே முதல் முறை. ஹாலந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் 1908 ஜூலை 10 அன்று உலகிலேயே முதன்முதலாக ஹீலியத்தைத் திரவமாக்கி 44 ஆண்டுகள் ஆகியிருந்தன. விடுதலை பெற்று ஐந்தே ஆண்டான ஒரு நாடு அந்தக் குளிரை எட்டியது சிறிய செய்தி அல்ல. கேம்பிரிட்ஜின் டேவிட் ஷோன்பெர்க் யுனெஸ்கோ ஆலோசகராக அந்த ஆய்வகத்துக்கு வந்து தாழ்வெப்பநிலைப் பிரிவுக்கு உதவினார்.

உள்ளே விடவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும்

ஹீலியம் கிடைத்துவிட்டது, டெராஹெர்ட்ஸ் ஒளியும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே கருவியில் சேர்ப்பதில்தான் உண்மையான சவால் இருக்கிறது. குளிர்கலத்தின் வேலை வெளியிலிருந்து எதையும் உள்ளே விடாமல் இருப்பது. நிறமாலைமானியின் வேலை வெளியிலிருந்து ஒளியை உள்ளே அனுப்புவது. ஒளி போக ஒரு சன்னல் வைத்தால் வெப்பமும் அதே வழியாக நுழையும், ஏனென்றால் வெப்பக் கதிரும் ஒளிதான். அதுவும் டெராஹெர்ட்ஸின் அடுத்த வீட்டு ஒளி. அறை வெப்பநிலையில் உள்ள பொருள்களின் கதிர்வீச்சு 10 முதல் 40 டெராஹெர்ட்ஸ் வரையான பகுதியில்தான் மிக வலுவாக இருக்கிறது.

எண்களைப் பார்த்தால் சிக்கலின் அளவு புரியும். 300 கெல்வினில் உள்ள ஒரு சதுர சென்டிமீட்டர் கறுப்புப் பரப்பு சுமார் 46 மில்லிவாட் கதிர்வீச்சை உமிழும். 1 கெல்வினின் நூறில் சில பங்கு வெப்பநிலையில் இயங்கும் நீர்ப்புக் குளிரூட்டியால் அகற்ற முடிந்த வெப்பமோ மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு அளவுதான். ஹீலியம்-3, ஹீலியம்-4 என்ற இரு ஐசோடோப்புகளைக் கலந்து குளிர்விக்கும் அந்தக் கருவியை ஒரு சிறு திறந்த துளையே செயலிழக்கச் செய்துவிடும். திரவ ஹீலியக் கலத்திலும் கணக்கு கடுமையானது. 1 வாட் வெப்பம் நுழைந்தால் மணிக்கு 1.4 லிட்டர் திரவ ஹீலியம் கொதித்துப் போகும்.

தீர்வு, ஒரு சன்னலுக்குப் பதிலாகப் பல சன்னல்களை வரிசையாக வைப்பது. வெளிச்சுவரில் ஒன்று, 40 முதல் 80 கெல்வினில் இருக்கும் வெப்பக் கேடயத்தில் ஒன்று, 4 கெல்வின் கேடயத்தில் ஒன்று. கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் குறைவதால், 77 கெல்வின் கேடயம் ஒன்றே 46 மில்லிவாட்டை 0.2 மில்லிவாட்டாக இறக்கிவிடும். சன்னலுக்கான பொருளையும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். படிகக் குவார்ட்ஸ் தாழ்ந்த டெராஹெர்ட்ஸ் அதிர்வெண்களை விட்டுவிட்டு அறைவெப்பக் கதிரின் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். கரி கலந்த கறுப்புப் பாலித்தீன் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் நிறுத்திவிடும். விழுங்கிய சன்னல் தானே சூடாகிவிடக் கூடாது. அதனால் அதன் விளிம்பைக் கேடயத்தோடு இறுக்கிப் பிணைத்து, ஏற்ற வெப்பத்தை உடனுக்குடன் இறக்கிவிட வேண்டும்.

அடுத்தது சுருக்கம். அறை வெப்பநிலையிலிருந்து 4 கெல்வினுக்குப் போகும்போது செம்பு ஆயிரத்தில் மூன்று பங்கு சுருங்கும். 30 சென்டிமீட்டர் நீளத் தண்டின் நுனியில் தொங்கும் மாதிரி கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் மேலேறிவிடும். டெராஹெர்ட்ஸ் கற்றையின் குவியமே சில மில்லிமீட்டர்தான். காலையில் சூட்டில் நேர்ப்படுத்தியது மாலையில் குளிரில் விலகியிருக்கும். ஆகவே கலம் குளிர்ந்தபின் வெளியிலிருந்தே மாதிரியை நகர்த்திச் சரிசெய்யும் ஏற்பாடு தேவை. மாதிரித் தாங்கியில் ஒரே அளவுள்ள இரண்டு துளைகள் இருக்கும். ஒன்றில் படிகம், மற்றொன்று வெற்று. ஒவ்வொரு வெப்பநிலையிலும் இரண்டையும் மாற்றி மாற்றி அளந்து ஒப்பிட்டால்தான் வரும் விடை படிகத்துடையதா, சன்னலுடையதா என்று பிரித்தறிய முடியும்.

பிரதிபலிப்பில் அளப்பது இன்னும் கடினம். மாதிரி 10 மைக்ரோமீட்டர் பின்வாங்கினாலும் 1 டெராஹெர்ட்ஸ் அலையின் கட்டம், அதாவது அலை தன் சுழற்சியில் நிற்கும் இடம், 24 டிகிரி பிசகும். திரவ ஹீலியத்துக்குப் பதிலாக இயந்திரக் குளிரூட்டியைப் பயன்படுத்தினால், அதன் துடிப்பு கலத்தை அசைக்காதபடி, நெகிழும் செம்புப் பின்னல்களால் குளிரை மட்டும் கடத்தி அதிர்வைத் தடுக்கிறார்கள்.

மூன்றாவது எதிரி நீராவி. 0.557, 0.752 என்று தொடங்கி டெராஹெர்ட்ஸ் பகுதி நெடுக நீராவியின் உட்கவர்தல் கோடுகள் நிறைந்திருக்கின்றன. பட்டாசுத் தொழிலுக்குச் சிவகாசியின் வறண்ட காற்று எவ்வளவு உதவியதோ, அந்த வறட்சிகூட இந்தக் கருவிக்குப் போதாது. கலத்துக்கு வெளியே கற்றை போகும் பாதை முழுவதையும் மூடி, உலர் நைட்ரஜனால் நிரப்புகிறார்கள்.

துடிப்பை அளக்கும் முறை

இன்று பரவலாக உள்ள டெராஹெர்ட்ஸ் நிறமாலைமானி ஒரு லேசரில் தொடங்குகிறது. அது வினாடிக்குப் பல கோடி முறை, ஒவ்வொன்றும் சுமார் 100 ஃபெம்டோ வினாடி நீளமுள்ள ஒளித்துடிப்புகளை விடும். ஒரு ஃபெம்டோ வினாடி என்பது ஒரு வினாடியின் கோடி கோடியில் ஒரு பங்கிலும் பத்தில் ஒரு பங்கு. அந்தத் துடிப்பு காலியம் ஆர்சனைடு தகட்டில், மின்னழுத்தம் கொடுத்த இரு மின்முனைகளுக்கு நடுவே விழும்போது எலக்ட்ரான்கள் விடுபட்டுப் பாய்கின்றன. அந்தத் திடீர்ப் பாய்ச்சல் ஒரு டெராஹெர்ட்ஸ் துடிப்பை வெளிவிடுகிறது. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தின் டேவிட் ஆஸ்டன் 1980-களில் வளர்த்த வழி இது.

படிகத்தைக் கடந்து வரும் துடிப்பை அதே லேசரின் இன்னொரு பங்கு, அதே போன்ற தகட்டில், ஒரு குறிப்பிட்ட கணத்தில் மட்டும் தொட்டுப் பார்க்கும். ஒரு கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் நகர்த்தினால் ஒளி போய்வரும் பாதை 0.3 மில்லிமீட்டர் கூடும். அது 1 பைக்கோ வினாடித் தாமதம். இப்படிக் கண்ணாடியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, டெராஹெர்ட்ஸ் அலையின் மேடு பள்ளங்களை நேரடியாக வரைந்துவிடலாம். சாதாரண நிறமாலைமானி ஒளியின் வலிமையை மட்டும் தரும். இது வலிமையோடு கட்டத்தையும் தருவதால் படிகத்தின் உட்கவர்தலும் ஒளிவிலகல் எண்ணும் ஒரே அளவீட்டில் கிடைத்துவிடுகின்றன.

1 கெல்வினுக்கும் கீழே போக விரும்புகிறவர்கள் சன்னலையே தவிர்க்கப் பார்க்கிறார்கள். லேசர் ஒளியைக் கண்ணாடி இழை வழியே உள்ளே அனுப்பி, டெராஹெர்ட்ஸை உண்டாக்கும் தகட்டையும் உணரும் தகட்டையும் குளிருக்குள்ளேயே வைக்கும் வடிவமைப்புகள் வந்துவிட்டன. அப்போது லேசரின் சில மில்லிவாட் வெப்பத்தை 4 கெல்வின் தளத்திலேயே இறக்கிவைத்து, டெராஹெர்ட்ஸை மட்டும் மாதிரிக்கு அனுப்ப வேண்டும். மாதிரி 0.3 மில்லிமீட்டரைவிடச் சிறியது என்றால், துடிப்பை வெட்டவெளியில் விடாமல் ஒரு சில்லில் வரைந்த மெல்லிய உலோகக் கோடுகள் வழியே ஓட்டுகிறார்கள்.

இதுவரை கிடைத்தது

1956-57-இல் பெர்க்கிலியில் ரோல்ஃப் குளோவரும் மைக்கேல் டிங்கமும் ஈயம், வெள்ளீயம் ஆகியவற்றின் மெல்லிய படலங்களைக் குளிர்வித்து அகச்சிவப்பின் தொலைக் கோடி ஒளியைச் செலுத்தினார்கள். மீக்கடத்திக்குள் எலக்ட்ரான்கள் இணைசேர்ந்திருந்தால், அந்த இணையைப் பிரிக்க ஒரு குறைந்தபட்ச ஆற்றல் தேவைப்படும். ஈயத்துக்கு அது சுமார் 0.65 டெராஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ள ஒளியைப் படலம் உறிஞ்சவில்லை என்பதை அவர்கள் அளவீடு காட்டியது. மீக்கடத்தலை விளக்கிய பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் கோட்பாடு 1957-இல் வந்தபோது அது சொன்ன இடைவெளிக்குச் சான்று தயாராக இருந்தது.

விண்ணிலும் இதே இணைப்புதான். 2009-இல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய பிளாங்க் செயற்கைக்கோளின் உயர் அதிர்வெண் உணர்விகள் 0.1 கெல்வினில் இயங்கி, 0.1 முதல் 0.857 டெராஹெர்ட்ஸ் வரை பேரண்டத்தின் தொல்லொளியை அளந்தன.

கிருஷ்ணன் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது இன்னொன்று. மைய சமச்சீர் உள்ள படிகத்தில், ராமன் விளைவைக் கொண்டு எடுக்கும் நிறமாலையில் தெரியும் அசைவு டெராஹெர்ட்ஸ் உட்கவர்தலில் தெரியாது. டெராஹெர்ட்ஸில் தெரிவது ராமனில் தெரியாது. இரண்டையும் சேர்த்தால்தான் படிகத்தின் அசைவுகளைப் பற்றிய கணக்கு நிறைவு பெறும். 1928-இல் ராமனோடு ஒரு பாதியைத் திறந்துவைத்தவர், 1952-இல் மறுபாதிக்குத் தேவையான குளிரையும் நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

நாம் செய்ய வேண்டியது

மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் டெராஹெர்ட்ஸ் ஆய்வும் தாழ்வெப்பநிலை ஆய்வும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. 2023 ஏப்ரலில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. அதில் முக்கிய இடம் பெறும் மீக்கடத்திக் குவாண்டம் கணினிகளுக்கும் 1 கெல்வினின் நூறில் சில பங்கு குளிர் வேண்டும். ஆனால் நீர்ப்புக் குளிரூட்டிகளைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். ஹீலியம் கிட்டத்தட்ட முழுவதுமே இறக்குமதி. விலை கொடுத்து வாங்கிய கருவியில் அளவெடுக்கலாம். ஆனால் சன்னல் எங்கே கசிகிறது, தாங்கி எப்படிச் சுருங்குகிறது என்பதைக் கையால் செய்து பார்த்தவர்தான் அடுத்த கருவியை வடிவமைப்பார். படிகத்தை இழையில் தொங்கவிட்டு உலகம் மதிக்கும் அளவீடுகளைச் செய்த கிருஷ்ணன் காட்டிய வழி அதுதான்.

குவார்ட்ஸ் சன்னல், பாலித்தீன் வடிகட்டி, செம்புப் பின்னல், துல்லியமாகத் துளையிட்ட மாதிரித் தாங்கி ஆகியவற்றை நம் பட்டறைகளால் செய்ய முடியும். ஆய்வகங்களும் சிறு தொழிற்கூடங்களும் கைகோக்க வேண்டும். சிவகாசி, விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தூரில் தலைமையகமும் கல்பாக்கத்தில் கிளையும் கொண்ட யுஜிசி-டிஏஇ அறிவியல் ஆய்வுக் கூட்டமைப்பு, பல்கலைக்கழக, கல்லூரி ஆய்வாளர்கள் பெரிய கருவிகளைப் பயன்படுத்துவதற்காகவே அமைக்கப்பட்டது. திரவ ஹீலிய வெப்பநிலையில் அளவெடுக்கும் வசதிகள் அங்கே உண்டு. நல்ல கேள்வியும் நல்ல படிகமும் கையில் இருந்தால் விண்ணப்பியுங்கள்.